உதாரண வாக்கியமும் மொழியறிவும்

முந்திய அத்தியாயத்தில் குழந்தை தன் தாய்மொழியை அடையும் விதத்தைக் கண்டோம். குழந்தைப் பருவம் கடந்த ஒருவர் பிறமொழியைக் கற்பது எவ்விதம் என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம். நம் நாட்டில் அந்தப் பிறமொழி பெரும்பாலும் ஆங்கிலமேயாதலால், ஆராய்ச்சிக்குக் களமாக ஆங்கிலம் அன்றாடம் காதில் விழாத ஓர் ஊரை எடுத்துக்கொள்வதே பொருத்தம். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் அத்தகைய ஊர். கோமதி அம்பாளின் ஆடித்தபசாலும், கைத்தறி விசைத்தறிச் சேலைகளாலும், மல்லிகையும் பிச்சியும் வந்து குவியும் பூச்சந்தையாலும் பெயர்பெற்ற அவ்வூரில் வாங்குவதும் விற்பதும், கொஞ்சுவதும் கோபிப்பதும் எல்லாம் தமிழிலேயே நடைபெறுகின்றன. ஆங்கிலமோ பள்ளிக்கூடத்துப் பாடமாகவும், படிவம் நிரப்பும் மொழியாகவும், வெளிமாநில வியாபாரி முன்னிலையிலும் வேலைக்கான நேர்முகத் தேர்விலும் திடீரென்று தேவைப்படும் கருவியாகவுமே இருக்கிறது.

பன்னிரண்டு வகுப்புகளும் ஆங்கிலம் படித்துத் தேறிய ஓர் இளைஞர் அவ்வூரில் தம் தகப்பனாரின் சேலைக் கடையில் அமர்ந்திருக்கிறார் என்றும், சூரத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் அவரிடம், “ஹௌ லாங் ஹேவ் யூ பீன் இன் திஸ் டிரேட்?” என்று கேட்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். “ஐ ஆம் டூயிங் ஃப்ரம் ஃபைவ் இயர்ஸ்” என்று பதில் வருகிறது. கேட்டவருக்குப் பொருள் விளங்காமற் போகவில்லை. எனினும் ஆங்கிலேயர் வழக்கு அதுவன்று. “ஐ ஹேவ் பீன் டூயிங் திஸ் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்பதே அவர்கள் வழக்கு. அதே இளைஞரிடம் ப்ரெசன்ட் பர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்னும் காலத்தின் அமைப்பு யாது என்று வினவினால், ஹேவ், அதன்பின் பீன், அதன்பின் ஐஎன்ஜி சேர்ந்த வினை என்று தடையின்றி ஒப்பிப்பார். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண்ணும் பெற்றிருப்பார். விதி தெரிந்திருந்தும் வாக்கியம் வாய்க்கு வராத இந்நிலையை அவருடைய அறிவுக்குறை என்று கொள்வது அநியாயம். “அஞ்சு வருஷமாப் பண்ணிக்கிட்டிருக்கேன்” என்று நிகழ்காலத்திலேயே சொல்லி முடிப்பது தமிழ் நியாயம். அந்த நியாயத்தை அவர் மனம் சிறிதும் பிசகாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. குறை எங்கே என்றால், அந்த விதி குடியிருக்க வேண்டிய வாக்கியங்கள் அவர் செவியிலும் நாவிலும் போதிய அளவு பழகவில்லை என்பதில்தான்.

மனோதத்துவ அறிஞர் நினைவை இரு கூறாகப் பிரிக்கின்றனர். ஒன்று, கேட்டால் எடுத்துச் சொல்லக்கூடிய செய்திகளின் நினைவு. மற்றொன்று, சொல்லத் தெரியாவிடினும் செய்துகாட்டக்கூடிய திறமையின் நினைவு. இலக்கண விதி முதல் வகையில் சேர்கிறது. சரளமான பேச்சு இரண்டாவதில் சேர்கிறது. இயல்பாகப் பேசுபவர் ஒரு விநாடிக்கு இரண்டு மூன்று சொற்களை உதிர்த்துக்கொண்டே போகிறார். அந்த வேகத்தில், எழுவாய் ஒருமையா பன்மையா, வினை எக்காலத்தது, துணைவினை எது என்று ஒவ்வொரு விதியாக நினைவுக்கு அழைத்துப் பொருத்திப் பார்க்க மனித மனத்துக்கு அவகாசம் இல்லை. அங்ஙனமாயின் பேசுவோர் என்ன செய்கின்றனர்? ஆண்ட்ரூ பாலி, பிரான்ஸிஸ் சைடர் என்னும் இருவர் 1983-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இவ்வினாவை ஆராய்ந்து, ஒரு மொழியில் சரளமாகப் பேசுவோர் ஏராளமான தொடர்களையும் வாக்கியத் துண்டுகளையும் ஆயத்தமாகவே நினைவில் வைத்திருக்கின்றனர் என்றும், சரளத்தின் ரகசியம் பெரும்பாலும் அந்தச் சேமிப்பே என்றும் காட்டினர். நாமும் “போய்ட்டு வாரேன்” என்று விடைபெறும்போது வினையெச்சத்தையும் தன்மை விகுதியையும் எண்ணிப் புணர்த்துவதில்லை. முழுத் தொடரும் ஒன்றாகவே வந்து விழுகிறது.

கேட்ட வாக்கியத்தையே திருப்பிச் சொல்வது மொழியறிவாகுமா, கேளாத வாக்கியத்தையும் ஆக்கவல்லதன்றோ மொழி, என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. அதற்கு விடை, உதாரணங்களிலிருந்து விதியைத் தானே பிரித்தெடுக்கும் சக்தி மனித மனத்துக்கு இயற்கையாகவே உண்டு என்பதாம். அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்னும் அம்மையார் 1958-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்று. நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு, உலகில் இல்லாத பறவை போன்ற ஓர் உருவத்தைப் படத்தில் காட்டி, இது ‘வக்’ என்று சொல்லி, பிறகு அத்தகைய இரண்டைக் காட்டி, இவை என்ன என்று கேட்டார். ‘வக்ஸ்’ என்று பெரும்பாலான குழந்தைகள் விடை கூறின. அச்சொல்லை அவை ஒருபோதும் கேட்டதில்லை. பன்மை விதியை எவரும் அவற்றுக்கு ஓதியதுமில்லை. கேட்டறிந்த பன்மைச் சொற்களே விதியாகத் திரண்டிருந்தன. 1996-இல் ஜெனி சாஃப்ரன் முதலானோர் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளை இடைவெளியின்றி இரண்டு நிமிஷங்கள் கேட்பித்து, எந்த அசைக்குப் பின் எது அடிக்கடி வருகிறது என்பதை அப்பச்சிளம் மனங்கள் கணித்துவிடுகின்றன என்று கண்டறிந்தனர்.

ஆகவே உதாரண வாக்கியம் விதிக்கு அலங்காரமாக அடியில் தொங்கவேண்டியதன்று. விதி பிறக்கும் இடமே அது. இதனால் இலக்கணமே வேண்டாம் என்று பெறப்படாது. வளர்ந்தவர் நாள் முழுதும் அம்மொழியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பாக்கியம் பெறாதவராதலால், நான்கைந்து வாக்கியங்கள் பழகியபின், இவற்றில் பொதுவாக நிற்பது இது என்று ஓர் ஆசிரியர் சுட்டிக்காட்டினால் அவர் கவனம் உரிய இடத்தில் படியும்; பலநாள் உழைப்பு சில நிமிஷங்களில் கைகூடும். நம் பாடசாலைகளில் வழங்கும் வரிசையைத் தலைகீழாக மாற்றி, உதாரணம் முந்தவும் விதி பிந்தவும் செய்யவேண்டும் என்பதே கருத்து.

சொல்லறிவுக்கும் இதுவே பொருந்தும். தமிழ் கற்க வந்த பிறநாட்டார் ஒருவர், ‘போடு’ என்பதற்கு ஓர் அகராதிப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு நம் வீதியில் நடந்தால், கோலம் போடுவதும், சட்டை போடுவதும், சண்டை போடுவதும், கையெழுத்துப் போடுவதும், தாழ்ப்பாள் போடுவதும் அவரைத் திகைக்கச் செய்யும். அவற்றுள் எந்த ஒன்றையும் அப்பொருளைக்கொண்டு அவர் ஊகித்தறிதல் அரிது. ஆங்கிலத்து ‘டேக்’ நமக்கு இழைக்கும் துன்பமும் இத்தகையதே. பஸ் ஏறுவது, மருந்து உண்பது, படம் பிடிப்பது, நேரம் ஆவது எல்லாவற்றுக்கும் அச்சொல்லே வருகிறது. லாகூரில் சில ஆண்டுகள் பேராசிரியராக இருந்து பின்னர் லண்டனில் மொழியியலுக்குத் தலைமை தாங்கிய ஜே. ஆர். ஃபர்த், ஒரு சொல்லை அறிய அது கூடிப் பழகும் சொற்களை அறியவேண்டும் என்ற கொள்கையை வற்புறுத்தினார். ‘டேக்’ என்பதற்குத் தமிழில் பத்துப் பொருள் எழுதி வைப்பதைவிட, “டேக் திஸ் டேப்லெட் ஆஃப்டர் ஃபுட்”, “இட் டேக்ஸ் டூ அவர்ஸ் பை பஸ்” என்ற இரு வாக்கியங்களை வாயாரப் பழகுவது அதிகப் பயன் தரும்.

இவ்வாறு பழகவேண்டிய சொற்கள் கடலளவு என்று அஞ்சவேண்டியதுமில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் ஸிப் என்பவர் எந்த மொழியிலும் மிகச் சில சொற்களே மீண்டும் மீண்டும் வருகின்றன என்றும், மற்றவை அரிதாகவே தலைகாட்டுகின்றன என்றும் கணக்கிட்டு விளக்கினார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்து வங்காளத்துச் சிறுவர்களின் இடர்ப்பாட்டை நேரில் கண்ட மைக்கேல் வெஸ்ட், இவ்வுண்மையைப் போதனைக்குப் பயன்படுத்தினார். 1935-இல் அவர் வெளியிட்ட அகராதி சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களைக்கொண்டே விளக்கிற்று. 1953-இல் அவர் தொகுத்தளித்த பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியில் சுமார் 2,000 சொற்களே அடங்கின. எனினும் சாதாரண ஆங்கில நூலின் ஒரு பக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு சொற்கள் அப்பட்டியில் அகப்படும். எனவே அன்றாட ஆங்கிலத்துக்கு வேண்டுவது புதுப்புதுச் சொற்களைத் தேடித் திரிவதன்று. இச்சில சொற்களின் பல பிரயோகங்களையும் வாக்கியங்களில் கண்டு பழகுவதே.

அகராதி எழுதுவோரும் படிப்படியாக இந்த முடிவுக்கே வந்தனர். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியிலேயே ஆசிரியர்களின் வாக்கியங்களை ஆயிரக்கணக்கில் மேற்கோளாகக் காட்டியிருந்தார். ஆனால் பிறமொழியாளர்க்கென்றே உதாரணம் அமைத்த அகராதி பிறந்த இடம் ஜப்பான்; ஆங்கு ஆங்கிலம் போதித்த ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடன் உழைத்தோரும் இயற்றி 1942-இல் டோக்கியோவில் அச்சான அந்நூலை ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தார் 1948-இல் மறுபதிப்பாக வெளியிட, அது உலகெங்கும் மாணவர் கையேடாயிற்று. 1987-இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் வெளிவந்த கோபில்டு அகராதி ஒரு படி மேலே சென்று, உண்மையாக வழங்கிய பேச்சையும் எழுத்தையும் கணிப்பொறியில் திரட்டி, பொருள் விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதிற்று. நம் நாட்டிலும் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி, 1978-இல் அச்சான இந்திய ஆங்கிலப் பனுவல்களிலிருந்து பத்து லட்சம் சொற்கள் அடங்கிய தொகுப்பொன்றை அமைத்தார்.

இனி உதாரண வாக்கியத்தைக் கொண்டு கற்பிக்கும் முறை நம் மாநிலத்துப் பள்ளிகளில் கண்ட ஏற்றத்தையும் தாழ்வையும் பார்ப்போம். ஹார்ன்பிக்கு முன்னோடியாக 1922-இல் ஜப்பான் சென்ற ஹாரல்டு பாமர், மாற்றுச்சொல் அட்டவணை என்னும் உபாயத்தைப் பரப்பியவர். அதன் திறத்தைச் சங்கரன்கோவில் நெசவாளர் எளிதில் உணர்வர். தறியில் பாவு நிலையாக நிற்க, ஊடையின் வண்ணத்தை மாற்ற மாற்றச் சேலை வேறாவது போல, வாக்கியத்தின் அமைப்பு நிலையாக நிற்க, சொற்களை மாற்ற மாற்றப் பேச்சு வேறாகிறது. முதல் நிரலில் ஐ, வீ, யூ, தே, தி வீவர்ஸ். இரண்டாவதில் வான்ட், நீட், லைக், பை, செல். மூன்றாவதில் காட்டன், சில்க், ஜாஸ்மின், லெமன்ஸ், ரைஸ். நான்காவதில் எவ்ரி டே, இன் தி மார்னிங், ஆன் ஃப்ரைடேஸ், இன் ஆடி, பிஃபோர் தீபாவளி என்று எழுதினால், இருபதே துண்டுகளிலிருந்து ஐந்தை நான்கு முறை பெருக்கிய 625 வாக்கியங்கள் கிடைக்கின்றன. ஒன்றிலும் இலக்கணப் பிழை இராது. முதல் நிரலில் ஹீ, ஷீ என்று மாற்றி, வினையோடு ‘ஸ்’ சேர்த்துச் சிலமுறை சொல்லிவிட்டால், ஒருமை எழுவாய்க்கு உரிய அவ்விதி ஒப்பிக்காமலே நாவில் ஏறிவிடும்.

இத்தகைய வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து அருமைக்கு வரிசைப்படுத்திய பாடத்திட்டம் 1950-களில் அன்றைய சென்னை ராஜ்யத்தில் மேற்கொள்ளப்பட்டது. அதை நடத்த ஆசிரியரைப் பழக்கவேண்டுமே! முதலில் சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்கும், அப்பலர் இன்னும் பலருக்கும் கற்பிக்கும் ஏற்பாட்டினால், ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் போதிக்கும் 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்தப் பெருமுயற்சி நடந்தது. ஆங்கிலப் போதனையின் வரலாற்றில் அது ‘மதராஸ் ஸ்னோபால்’ என்றே பெயர் பெற்றது. ஒரு புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டி, “திஸ் இஸ் எ புக்” என்று வகுப்பு முழுதும் ஏககோஷமாகச் சொன்ன காலம் அது. வெறும் விதியை ஓதுவதினும் அது மேலானது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் மேற்சொன்ன 625 வாக்கியங்களை மீண்டும் நோக்கினால் ஒரு குறை புலப்படும். “தி வீவர்ஸ் லைக் லெமன்ஸ் ஆன் ஃப்ரைடேஸ்”, நெசவாளர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் எலுமிச்சை பிடிக்கும், என்பதும் அவற்றுள் ஒன்று. அதில் வழுவில்லை, ஆயினும் அதைச் சொல்லும் தேவை எவருக்கும் எக்காலத்தும் நேராது. கண்முன்னே இருப்பதைப் புத்தகம் என்று சொல்லிக் காட்டுவதும் அவ்வாறே. கேட்பவருக்கு அதனால் தெரியவரும் செய்தி யாதொன்றுமில்லை. பொருளில் மனம் பற்றாத வாக்கியம் வகுப்பறையில் பிழையின்றி ஒலித்து, வாசலைத் தாண்டியதும் மறைந்துபோகிறது. இதனைக் கூர்ந்து உணர்ந்தவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளிகளில் அவரும் அவருடைய நண்பர்களும் நடத்திய சோதனையில், இலக்கண வரிசை என்று ஒன்று இல்லை. ரயில் கால அட்டவணை, ஊர்களின் வரைபடம், விலைக்கணக்கு போன்றவற்றைக் கொடுத்து, அவற்றைப்பற்றிய வினாக்களை ஆங்கிலத்திலேயே ஆராய்ந்து விடை காணச் செய்தனர். மனம் பொருளில் ஆழ்ந்திருக்கையில் மொழியமைப்பு தானே படியும் என்பது அவர் துணிபு. 1985-இல் ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் ஆகியோர் வெளியிட்ட மதிப்பீட்டில், பழைய முறையில் பயின்றோர் அமைப்புப் பரீட்சையிலும், புதிய முறையில் பயின்றோர் பணிகளைச் செய்து முடிக்கும் பரீட்சையிலும் மேம்பட்டனர். இருவர்க்கும் பொதுவான பரீட்சைகள் சிலவற்றில் புதிய முறையினர் முந்தினர்.

இவ்விரு முயற்சிகளிலிருந்தும் நாம் பெறவேண்டிய பாடம் ஒன்றே: உதாரண வாக்கியம் அமைப்பைத் தெளிவாகக் காட்டுவதாகவும் இருக்கவேண்டும், கற்பவர் தம் வாழ்வில் உண்மையாகவே சொல்லக்கூடியதாகவும் இருக்கவேண்டும். சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் நிற்கும் மாணவருக்கு, “தி பொதிகை லீவ்ஸ் சென்னை அட் நைட் அண்ட் ரீச்சஸ் சங்கரன்கோவில் இன் தி மார்னிங்” என்ற வாக்கியம் மெய்யான செய்தி. அவ்வாக்கியத்துக்குள் ஒரு நுட்பமும் இருக்கிறது. “பொதிகை ராத்திரி புறப்படும், காலையில் வந்து சேரும்” என்று நாம் எதிர்கால வாய்பாட்டால் நிலையான வழக்கத்தைக் குறிக்கிறோம். ஆங்கிலமோ அவ்விடத்தில் நிகழ்கால வாய்பாட்டை ஆள்கிறது. நம்மவர் ‘வில்’ என்பதை வேண்டாத இடத்தில் சேர்ப்பதற்கு இது ஒரு காரணம். “தி ஃப்ளவர் மார்க்கெட் ஓப்பன்ஸ் எர்லி”, “அவர் லூம்ஸ் ஸ்டாப் ஆன் ஆடித்தபசு டே” என்று தம் ஊரைப்பற்றி இரண்டு மூன்று சொல்லிப் பார்த்தால் அவ்வழக்கு பிடிபடும்.

ஆங்கிலத்து ‘எ’, ‘தி’ என்னும் இரண்டும் தமிழருக்குப் பெருந்தொல்லை என்பர். தமிழில் அவற்றுக்கு நேரான சொல் இல்லையென்பது உண்மையே. எனினும் அவை உணர்த்தும் வேறுபாடு நமக்குப் புதிதன்று. கடைக்குப் போய் வந்த பெண், “சேலை வாங்கினேன், அக்கா” என்றால், ஏதோ ஒரு சேலை. “சேலையை வாங்கிட்டேன், அக்கா” என்றால், முன்பே இருவரும் பேசிக்கொண்டிருந்த அந்தச் சேலை. முன்னதற்கு “ஐ பாட் எ சேரீ”. பின்னதற்கு “ஐ பாட் தி சேரீ”. இரண்டாம் வேற்றுமை உருபு செய்யும் வேலையும் ‘தி’ செய்யும் வேலையும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகா. ஆயினும் இவ்விரு ஜோடிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு, கேட்பவர் எதை முன்பே அறிந்திருக்கிறார் என்பதே வினா என்று விளங்கிவிடும். இவ்வாறே, “எனக்கு ரெண்டு தம்பி” என்பது “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்” என்றும், “எனக்குப் பசிக்கிறது” என்பது “ஐ ஆம் ஹங்ரி” என்றும், “எனக்குத் தெரியும்” என்பது “ஐ நோ” என்றும் மும்முகமாகப் பிரிவதை எந்த ஒற்றை விதியும் அடக்கிக் காட்டாது. மூன்று வாக்கியங்கள் காட்டிவிடும். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், ஆங்கிலம் பெயருக்கு முன்னே வைக்கும் இடைச்சொற்களின் வேலையைத் திராவிட மொழிகள் பெயருக்குப் பின்னே வரும் உருபுகளால் செய்துகொள்வதை எடுத்துக்காட்டினார். பின்னே வருவதை முன்னே வைத்துப் பேச நாக்கு பழகவேண்டுமாயின், அதற்கும் வாக்கியமே வழி.

பழகியது நிலைப்பதற்கும் சாஸ்திரம் வழி சொல்கிறது. ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹௌஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் வெளியிட்ட நூலில், கற்றவை முதலில் விரைவாகவும் பின்னர் மெல்லவும் மறந்துபோகின்றன என்றும், ஒரே அமர்வில் பலமுறை ஓதுவதைவிட நாள் இடைவெளி விட்டு ஓதுவது குறைந்த உழைப்பில் நிலைக்கிறது என்றும் காட்டினார். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவரைவிட, மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவரே ஒரு வாரத்துக்குப் பின் அதிகம் நினைவுகூர்ந்தனர் என்று நிரூபித்தனர். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது மட்டும் படித்தவரே முந்தியிருந்தனர். அந்த ஐந்து நிமிஷ வெற்றியை நம்பியே பலர் ஏமாறுகின்றனர்.

ஆதலின் கற்க விரும்பும் அன்பர் நாளொன்றுக்கு ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டு, நல்ல அகராதியிலிருந்து ஓர் உதாரணத்தை நோட்டில் எழுதி, அதன்கீழ் தம் வீட்டையும் தொழிலையும் பற்றிய மூன்று வாக்கியங்களை அதே அமைப்பில் இயற்றி, தெரிந்தவரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லவேண்டும். மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் நோட்டை மூடி வைத்துத் தமிழ்க் கருத்திலிருந்து அவற்றை மீட்டுச் சொல்லவேண்டும். இதற்குப் பணச் செலவில்லை. பிறர் முன் கூச்சமும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடப்புத்தகத்தில் உள்ள வாக்கியங்களோடு நிற்காமல், பாடந்தோறும் மூன்று வாக்கியங்களேனும் அந்த ஊரின் சந்தையிலிருந்தும், தறிக்கூடத்திலிருந்தும், பஸ் நிலையத்திலிருந்தும் எழுதிப் போடுங்கள். மாணவர் தாமே சொல்ல விரும்பும் வாக்கியத்தைக் கேட்டு வாங்கித் திருத்திக் கொடுங்கள். விதியை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.